பழைய புல்லிங் டிராக்டருக்கு இன்ஜின் பார்ட்ஸ் எங்க தேடறது: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் இருக்கறது அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலம், ஜன்னலைத் தொறந்தா சோளம், கதவைத் தொறந்தா சோயா. பக்கத்து பண்ணைக்காரர் ஒருத்தர், எண்பது வயசு தாண்டினவர், கொட்டகையில கிடந்த 1947 ஃபார்மால் எம் டிராக்டர் ஒண்ணை "எடுத்துட்டுப் போ, இல்லன்னா இரும்புக்குப் போட்டுருவேன்"னு என் தலையில கட்டிட்டாரு. அதுலேர்ந்து பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. இதைக் கேள்விப்படற நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி கேள்விதான் கேக்கறாங்க, ரெண்டு மூணு பேரு தாங்களும் ஒரு வண்டி வாங்கிட்டு வந்து நிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

ஆன்டிக் டிராக்டர் புல்லிங்னா என்னங்க?

பழைய டிராக்டருக்குப் பின்னாடி ஸ்லெட்னு ஒரு சறுக்கு வண்டியைக் கட்டி மண் தடத்துல இழுக்கறது. போகப் போக ஸ்லெட் மேல இருக்கற எடைப் பெட்டி பின்னாடியிருந்து முன்னாடி நகரும், அதனால ஒவ்வொரு அடிக்கும் பாரம் ஏறிக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல டயர் சுத்தும் இல்ல இன்ஜின் மூச்சடைச்சு நிக்கும். எவ்வளவு தூரம் இழுத்தீங்கன்றதுதான் மார்க். பெரிய போட்டிகள்ல 300 அடி போனா ஃபுல் புல். ஒஹையோவுல பௌலிங் கிரீன்ல 1967லேர்ந்து தேசிய சாம்பியன்ஷிப்பே நடக்குது, அங்க நெருப்பு கக்கற ராட்சச வண்டிங்க எல்லாம் வரும். நம்ம கதை அது இல்ல. ஆன்டிக் கிளாஸ்ல ஓடறது 1930கள்லேர்ந்து 1950கள் வரைக்கும் வந்த வண்டிங்க, நடக்கற வேகத்துல ஊர்ந்து போகும், பெரும்பாலும் 500 பவுண்டு வித்தியாசத்துல எடை வகுப்பு பிரிச்சிருப்பாங்க.

இதுக்கு வேண்டியது டாப் ஸ்பீடு கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்ல, பாரம் ஏறும்போது விடாம இழுக்கற டார்க்தான் (சுழற்றித் தள்ற பலம்) வேணும். ஃபார்மால் எம் கம்பெனியிலேர்ந்து வந்தப்பவே 1450 ஆர்பிஎம்தான், ஜான் டியர் ஜி வெறும் 975. அதனாலதான் எல்லாரும் சிலிண்டர் சைஸ், கம்ப்ரெஷன் (எரிபொருள் கலவையை அழுத்தற அளவு), கவர்னர் (ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தறது)னு இந்த மூணையே சுத்திச் சுத்தி வர்றாங்க, பார்ட்ஸ் தேடறதும் அதுக்குத்தான்.

புதுசா ஆரம்பிக்கறேன், எந்த வண்டி எடுத்தா பார்ட்ஸ் சுலபமா கிடைக்கும்?

ஃபார்மால் எம், இல்லன்னா ஆலிஸ்-சாமர்ஸ் டபிள்யூடி45. கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன். ஃபார்மால் எம் 1939லேர்ந்து 1952 வரைக்கும் லட்சக்கணக்குல வந்தது, அதுக்கப்புறம் சூப்பர் எம், 400, 450ன்னு அதே குடும்பம் நீண்டுக்கிட்டே போச்சு, அதனால பிளாக்லேர்ந்து நட்டு வரைக்கும் ஏதோ ஒரு கொட்டகையில இருக்கு. ஜான் டியர் ரெண்டு சிலிண்டர் வண்டிங்களுக்கும் (ஏ, பி, ஜி, அப்புறம் 60, 70) பஞ்சமே இல்ல, ஆனா அதுக்கு ஒரு பக்தர் கூட்டமே இருக்கு, அதனால விலையும் பக்தியோட சேர்ந்து ஏறியிருக்கும்.

ஆலிவர் 88 ஆறு சிலிண்டர், சத்தமே சங்கீதம் மாதிரி இருக்கும், பார்ட்ஸ் தேடிப் பிடிக்கலாம். மினியாபோலிஸ்-மோலின் யு, ஜி எல்லாம் நல்லா இழுக்கும், ஆனா தேடறதுக்குப் பொறுமை வேணும். காக்ஷட் 30, 40 மேல ஆசை வந்தா ஒரு தடவை யோசிங்க, ஏன்னா அதுல இருக்கறது பூடான்ற கம்பெனி இன்ஜின், அந்த கம்பெனியை 1953லயே ஆலிஸ்-சாமர்ஸ் வாங்கி முழுங்கிட்டாங்க. அழகான வண்டிதான், ஒரு ஹெட் (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) வெடிச்சுதுன்னா அடுத்த ஹெட்டுக்கு ரெண்டு வருஷம் அலைய ரெடியா இருக்கணும்.

"எம்முக்கு பொருந்தும்"னு விக்கறவர் சொல்றாரு, நம்பலாமா?

நம்பாதீங்க. அவரு பொய் சொல்றாருன்னு இல்ல, அவருக்கே தெரியாம இருக்கும். எழுபது எண்பது வருஷத்துல ஒவ்வொரு வண்டியும் நாலு கை மாறியிருக்கும், ஒவ்வொருத்தரும் அவங்க கைல கிடைச்சதை மாட்டியிருப்பாங்க. வெளியில எம்னு எழுதியிருக்கற வண்டிக்குள்ள 450 சாமான் இருக்கும், சூப்பர் எம்னு வாங்கினதுல சாதா எம் பிளாக் இருக்கும்.

பேரைப் பாக்காதீங்க, நம்பரைப் பாருங்க, அப்புறம் அளந்து பாருங்க. வார்ப்புலயே எழும்பி நிக்கற காஸ்டிங் நம்பர் பிளாக்லயும் ஹெட்லயும் மேனிஃபோல்டுலயும் (எரிபொருள் கலவையும் புகையும் போற குழாய் வார்ப்பு) இருக்கும், ஒயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சாக்பீஸ் தடவினா தெளிவாத் தெரியும். அதுவும் பார்ட் நம்பரும் ஒண்ணு இல்ல, இதுலதான் புது ஆளுங்க எல்லாரும் விழறாங்க. காஸ்டிங் நம்பர்ன்றது வெறும் வார்ப்போட நம்பர், அதே வார்ப்பை ரெண்டு விதமா கடைஞ்சு ரெண்டு பார்ட் நம்பர் போட்டு வித்திருப்பாங்க. ஃபார்மாலைச் செஞ்ச இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி நம்பர்கள்ல கடைசியில ஆர்1, ஆர்2ன்னு வந்தா அதே பார்ட்டோட திருத்தின பதிப்பு. பக்கத்துலயே தேதிக் குறியும் இருக்கும், மாசம், தேதி, வருஷத்துக்கு ஒரு எழுத்துன்னு. டிராக்டர் சீரியல் நம்பர் சொல்ற வருஷமும் பிளாக் சொல்ற வருஷமும் ரொம்பத் தள்ளி இருந்தா யாரோ இன்ஜினை மாத்திட்டாங்கன்னு அர்த்தம்.

கைல ஒரு வெர்னியர், ஒரு இன்சைட் மைக்ரோமீட்டர் இல்லாம வாங்கப் போகாதீங்க. எம் இன்ஜின் (சி-248) போர் (சிலிண்டர் விட்டம்) 3-7/8 இன்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போற தூரம்) 5-1/4. சூப்பர் எம் (சி-264) போர் 4 இன்ச், ஸ்ட்ரோக் அதே 5-1/4. 450 (சி-281) போர் 4-1/8, ஸ்ட்ரோக் திரும்பவும் அதே 5-1/4. வெளியிலேர்ந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள எட்டுல ஒரு இன்ச்தான் வித்தியாசம், ஆனா அந்த எட்டுல ஒரு இன்ச்சுக்குத்தான் காசே. கன இன்ச்ல பாருங்க, 248, 264, 281. ஆலிஸ்ல இது தலைகீழ், டபிள்யூடியும் டபிள்யூடி45ம் போர் ஒண்ணுதான், 4 இன்ச், ஸ்ட்ரோக்தான் 4லேர்ந்து 4-1/2 ஆச்சு, அதனால 201 கன இன்ச் 226 ஆச்சு. டபிள்யூடி வச்சிருக்கறவங்க எல்லாரும் டபிள்யூடி45 கிராங்குக்கு (ஸ்ட்ரோக்கை முடிவு பண்ற கிராங்க்ஷாஃப்ட்) நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையறது இதனாலதான்.

கம்பெனி டீலர்கிட்டயே போய் கேட்டா கிடைக்குமா?

சிலது கிடைக்கும், கேட்டுப் பாக்கறதுல நஷ்டம் இல்ல. ஜான் டியர் இன்னும் அதே கம்பெனியா இருக்கறதால பழைய ரெண்டு சிலிண்டர் வண்டிக்கு கேஸ்கெட், சீல் மாதிரி சாமான்கள் நம்பர் சொன்னா கவுண்டர்லயே ஆர்டர் எடுப்பாங்க. பார்ட்ஸ் கேட்டலாக் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, படத்தோட, அதைப் பாத்து நம்பரை எழுதிட்டுப் போங்க. "1950 மாடல் ஏவுக்கு ஒரு இது வேணும்"னு போனா கவுண்டர்ல நிக்கற இருபத்தஞ்சு வயசுப் பையன் உங்களை மேலும் கீழும் பாப்பான்.

மத்த கம்பெனிங்கள்ல வம்சாவளி தெரிஞ்சிருக்கணும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட விவசாயப் பிரிவு 1985ல கேஸோட சேர்ந்துருச்சு, அதனால ஃபார்மாலுக்கு கேஸ் ஐஎச் டீலர். ஆலிஸ்-சாமர்ஸ், ஆலிவர், மினியாபோலிஸ்-மோலின், மாஸி எல்லாம் பல கை மாறி கடைசியில அக்கோ கம்பெனி கிட்ட போய் சேர்ந்துருச்சு. ஆலிவரை 1960ல ஒயிட் மோட்டார் வாங்கினாங்க, மோலினை 1963ல வாங்கினாங்க, ஒயிட் டிராக்டர் அக்கோவுக்குப் போச்சு. இந்தக் குடும்ப மரம் தெரிஞ்சா எந்தக் கடைக்கதவைத் தட்டணும்னு தெரியும். பெரிய சாமான், அதாவது பிளாக், கிராங்க், ஹெட் எல்லாம் டீலர்கிட்ட கனவு காணாதீங்க.

புதுசா செஞ்ச சாமான்களுக்குன்னே கடைங்க இருக்கு, மிச்சிகன்ல ஸ்டைனர் டிராக்டர் பார்ட்ஸ் மாதிரி. கேஸ்கெட் செட், ரிங், வால்வ், வாட்டர் பம்ப், ஒயரிங்னு கேட்டலாக் போட்டு விக்கறாங்க. பழைய சாமானுக்கு டிராக்டர் சால்வேஜ் யார்டு.

சால்வேஜ் யார்டுன்னா நம்ம காயலான் கடை தானே?

அதே தான், ஆனா நாப்பது ஏக்கர்ல. டிராக்டரா வரிசையா நிக்கும், நடுவுல மரமே முளைச்சிருக்கும். பெரிய யார்டுங்க எல்லாத்தையும் கழட்டி, கழுவி, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருப்பாங்க, போன்ல நம்பர் சொன்னா போதும். சின்ன யார்டுல அது கிடையாது, உரிமையாளர் தலைக்குள்ளதான் கேட்டலாக். "அந்த மூணாவது வரிசையில, சிவப்பு கம்பைனுக்குப் பின்னாடி, ஒண்ணு இருந்துச்சு"ம்பாரு, போய்ப் பார்த்தா உண்மையிலேயே இருக்கும்.

இங்க எனக்குக் கிடைச்ச பாடம், போன்ல கேக்கறதைவிட நேர்ல போறது நல்லது, சனிக்கிழமை காலையில போறது இன்னும் நல்லது, மழை பெஞ்ச மறுநாள் போறது முட்டாள்தனம். சாமானை நீங்களே கழட்டறேன்னு சொன்னா சில இடத்துல விலை குறையும், ஆனா சீஸ் ஆன (துருப்பிடிச்சு இறுகிப் போன) ஹெட் போல்ட்டு ரெண்டு முறிஞ்சுதுன்னா அன்னிக்குப் பொழுது அதோட போச்சு, பெனிட்ரேட்டிங் ஆயில் முந்தின வாரமே போய் ஊத்திட்டு வர்றது என் பழக்கம், சிரிப்பாங்க, பரவால்ல.

எங்க தேடியும் கிடைக்கல. வேற வண்டியில அதே சாமான் இருக்குமா?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம்னா இதைப் படிங்க. டிராக்டர் கம்பெனிங்க ஒரு இன்ஜினை டிராக்டருக்கு மட்டும் செய்யல. அதே இன்ஜினை கிணத்துக்கு, மர அறுவை மில்லுக்கு, ஜெனரேட்டருக்குன்னு பவர் யூனிட்டா வித்தாங்க, கிராலர்ல (டயருக்குப் பதிலா இரும்புப் பட்டையில ஓடற வண்டி) மாட்டினாங்க, கம்பைன் அறுவடை மெஷின்லயும் வைக்கோல் கட்டற பேலர்லயும் போட்டாங்க. எம்மோட இன்ஜின் அதே கம்பெனியோட டபிள்யூ-6 டிராக்டர்ல இருக்கு, டி-6 (T-6) கிராலர்லயும் இருக்கு. விளம்பரத்துல "ஃபார்மால் எம்"னு போட்டா நூறு பேரு போட்டி, "பழைய கிராலர், ஓடாது"ன்னு போட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க, உள்ள இருக்கறது அதே இன்ஜின். சுத்தி இருக்கற பிராக்கெட், ஆயில் பான், மேனிஃபோல்டு மாறியிருக்கலாம், கிராங்க், கனெக்டிங் ராட், ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள மாட்டற குழாய்) நம்பர் பொருந்துதான்னு பாத்தா போதும்.

வெளிக் கம்பெனி இன்ஜின் போட்ட டிராக்டர்னா இன்னும் குஷி. ஃபெர்குசன் டிஓ-20, டிஓ-30, மாஸி ஃபெர்குசன் 35 பெட்ரோல் வண்டிங்கள்ல இருந்தது கான்டினென்டல் இசட் வரிசை இன்ஜின் (இசட்-120, இசட்-129, இசட்-134), அதே குடும்பம் ஃபோர்க்லிஃப்ட், வெல்டிங் மெஷின்லயும் போச்சு. மாஸி-ஹாரிஸ் 101ல கிரைஸ்லர் ஆறு சிலிண்டர், அதுக்கு டிராக்டர் கடைக்கு ஏன் போறீங்க, பழைய பிளைமவுத், டாட்ஜ் கார் காரங்ககிட்ட போங்க. ஃபோர்டு 8என் இருக்கே, அதோட போர் 3-3/16, ஸ்ட்ரோக் 3-3/4, அது அப்படியே அந்தக் காலத்து ஃபோர்டு 239 வி8 காரோட அளவு, எட்டுல பாதி நாலுன்னு வச்சுக்கோங்க. ஹாட் ராட் பிரியர்கள் புண்ணியத்துல அந்த அளவுல பிஸ்டன் எப்பவும் கிடைக்கும்.

நான் ரெண்டு கிராங்க் இப்படித்தான் பிடிச்சேன். ஒண்ணு ஒரு தோட்டத்து பம்ப்செட்டுலேர்ந்து.

ஸ்வாப் மீட் (பழைய சாமான் சந்தை) எங்க, எப்ப நடக்கும்?

மினசோட்டாவுல லெ சூயர்ல ஏப்ரல் கடைசி வாரக் கடைசியில நடக்கும், குளிர் விட்டும் விடாத நேரம், சேறு இருக்கும், பூட்ஸ் போட்டுப் போங்க. இண்டியானாவுல போர்ட்லேண்டுல ஆகஸ்ட் கடைசியில டிரை-ஸ்டேட் ஷோ, அங்க ஸ்டேஷனரி இன்ஜின் சாமான் கடலா கிடக்கும், மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம பிளக்குக்குப் பொறி குடுக்கற சாமான்) தேடறவங்களுக்கு சொர்க்கம். இல்லினாய்ஸ்ல ராண்டூல்ல ஒத்தைப்படை வருஷங்கள்ல ஹாஃப் செஞ்சுரி ஆஃப் புரோகிரஸ், பழைய விமானதளத்துல நடக்கும். அயோவாவுல மவுன்ட் பிளசன்ட்ல லேபர் டே சமயத்துல ஓல்டு த்ரெஷர்ஸ், 1950லேர்ந்து நடக்குது. சிவப்பு வண்டிக்காரங்களுக்கு, அதாவது ஃபார்மால், இன்டர்நேஷனல் ஆளுங்களுக்கு, ரெட் பவர் ரவுண்ட் அப்னு வருஷத்துக்கு ஒரு ஊர்ல நடக்கும்.

முதல் நாள் காலையில ஆறு மணிக்குப் போனா நல்ல சாமான் கிடைக்கும், கடைசி நாள் மத்தியானம் போனா நல்ல விலை கிடைக்கும், ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. பணத்தை நோட்டா எடுத்துட்டுப் போங்க. பேரம் பேசலாம், ஆனா நம்ம ரங்கநாதன் தெரு ரேஞ்சுக்கு பாதி விலையிலேர்ந்து ஆரம்பிச்சா முகத்தைத் திருப்பிக்குவாங்க, "இதுக்கு உங்க கடைசி விலை என்ன"ன்னு மரியாதையா கேட்டா அவங்களே இறங்கி வருவாங்க. அதைவிட முக்கியமா கதை கேளுங்க. அவரு அப்பா அந்த வண்டியை எப்ப வாங்கினாருன்னு பத்து நிமிஷம் கேட்டா, "வீட்டுல இன்னொண்ணு இருக்கு, வந்து பாரு"ன்னு சொல்வாரு, மேஜை மேல இருக்கறது எப்பவும் ரெண்டாந்தரம்தான், நல்லது வீட்டுலதான் இருக்கும்.

ஹெட் வாங்கும்போது என்ன பாக்கணும்?

இதுல நான் ஏமாந்திருக்கேன். அந்தக் காலத்துல ஒரே டிராக்டர் பெட்ரோல், டிஸ்டிலேட் (மண்ணெண்ணெய் மாதிரி மலிவு எரிபொருள்), எல்பி கேஸ் (நம்ம சமையல் கேஸ் மாதிரி)னு பல ரகத்துல வந்தது. டிஸ்டிலேட்டுக்கு கம்ப்ரெஷன் ரொம்பக் கம்மி, மேனிஃபோல்டு எரிபொருளைச் சூடாக்கற மாதிரி கனமா இருக்கும். அது வயல்ல உழ சரி, புல்லிங்குக்கு சவலைப் பிள்ளை. நான் ஒரு தடவை நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போயி "எம் ஹெட், பெட்ரோல்"னு சொன்னதை வாங்கிட்டு வந்து, சுத்தம் பண்ணி, பெயின்டும் அடிச்சு, அப்புறமா காஸ்டிங் நம்பரைப் பார்த்தேன். டிஸ்டிலேட். பெயின்ட் மட்டும் நல்லா இருந்துச்சு.

தலைகீழா, எல்பி கேஸ் வண்டியோட ஹெட்டும் பிஸ்டனும் கம்ப்ரெஷன் அதிகம், அதுக்குத்தான் புல்லிங்காரங்க அடிச்சுக்கறாங்க. எல்பி டிராக்டர் அதிகமா ஓடினது தெற்குலயும் சமவெளி மாநிலங்கள்லயும், அதனால கான்சஸ், ஒக்லஹோமா, டெக்சஸ் பக்கம் விளம்பரங்களைப் பாருங்க. இங்க வடக்குல உக்காந்துட்டு தேடினா கிடைக்காது. மேட்டு நிலத்து வண்டிங்களுக்குன்னு கம்ப்ரெஷன் கூடின பிஸ்டனும் கம்பெனியே குடுத்திருக்கு, அதுவும் நல்ல வேட்டை.

விரிசல் விழறது வால்வ் சீட்டுக்கு நடுவுல. கண்ணுக்குத் தெரியாது, மேக்னஃப்ளக்ஸ் பண்ணிப் பாக்கணும், அதாவது காந்தம் வச்சு இரும்புப் பொடி தூவினா விரிசல் கோடு போட்ட மாதிரி தெரியும். மெஷின் ஷாப்ல செலவு கம்மிதான். வாங்கறதுக்கு முன்னாடியே "டெஸ்ட்ல ஃபெயிலானா திருப்பித் தருவேன்"னு பேசிக்கங்க. ஒத்துக்காதவர்கிட்ட விரிசல் விழுந்ததுன்னு நினைச்சே விலை பேசுங்க.

பிளாக், கிராங்க்?

பிளாக்குக்கு எமன் குளிர்காலம். இங்க மைனஸ் இருபது போகும், யாரோ ஒரு வருஷம் தண்ணியை வடிக்க மறந்திருப்பாங்க, உறைஞ்சு விரிஞ்சு பக்கவாட்டுல நீளமா வெடிச்சிருக்கும். அது மேல பூசி பெயின்ட் அடிச்சிருப்பாங்க. பெயின்ட் மத்த இடத்தைவிட தடிப்பா இருக்கற இடத்தைச் சுரண்டிப் பாருங்க. வெளிச் சுவர் வெடிப்புன்னா வார்ப்பிரும்பை ஊசி தைக்கற மாதிரி தையல் போட்டு சரி பண்ற முறை இருக்கு, நல்லா நிக்கும். ஸ்லீவ் உக்கார்ற இடத்துல, மெயின் பேரிங் பக்கத்துல வெடிப்புன்னா விட்டுட்டு வந்துருங்க.

கிராங்கை அளக்கணும். பேரிங் உக்கார்ற இடம் 10 தௌ, 20 தௌ, 30 தௌன்னு ஏற்கனவே கடைஞ்சிருப்பாங்க (தௌன்றது இன்ச்ல ஆயிரத்துல ஒண்ணு, லேத் பட்டறை பக்கம் போனவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல). கடைசி அளவு வரைக்கும் கடைஞ்ச கிராங்கை வாங்கினா அதுக்குமேல ஷெல் (பேரிங்கா வைக்கற வளைஞ்ச தகடு) கிடைக்காது, அலங்காரப் பொருள்தான். கிராங்கும் மேக்னஃப்ளக்ஸ் கட்டாயம், புல்லிங்ல கிராங்க் உடைஞ்சா பிளாக்கோட போகும், உங்க முழங்காலுக்குப் பக்கத்துல.

பெரிய பிஸ்டன் எங்க கிடைக்கும்? போட்டா தகுதி போயிடுமா?

ரெண்டாவதுக்கு முதல்ல பதில், உங்க சங்கத்தோட ரூல் புக்கைப் படிச்சுட்டு அப்புறம் காசை எடுங்க. எந்த வருஷ வண்டி வரைக்கும் சேத்துக்குவாங்க, போர் எவ்வளவு பெருசாக்கலாம், ஸ்ட்ரோக் மாத்தலாமா, எவ்வளவு ஆர்பிஎம்னு ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு ரூல். பக்கத்து மாவட்டத்துல ஓடறது இங்க ஓடாது. தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்ட்ரோக் மாத்தின கிராங்க் போட்டு முழு இன்ஜினும் கட்டிட்டு வந்தாரு, அவரு ஆசைப்பட்ட வகுப்புல ஏத்துக்கல, மேல் வகுப்புக்குத் தள்ளிட்டாங்க, அங்க இருந்தவனுங்க எல்லாம் இவரை எறும்பு மாதிரி நசுக்கிட்டாங்க.

எம்முக்கு 4 இன்ச் ஸ்லீவ், பிஸ்டன் செட் சாதாரணமா கேட்டலாக்லயே இருக்கு, அதாவது எம்மை சூப்பர் எம் சைஸுக்குக் கொண்டுபோறது கடைக்குப் போய் வாங்கற சமாச்சாரம். இது புது விஷயமும் இல்ல, அந்தக் காலத்துலயே இல்லினாய்ஸ்ல இருந்த எம் அண்ட் டபிள்யூ கம்பெனி விவசாயிகளுக்கு பெரிய சைஸ் பிஸ்டன் வித்துக்கிட்டிருந்தது. அந்தப் பழைய எம் அண்ட் டபிள்யூ செட் பெட்டி பிரிக்காம ஸ்வாப் மீட்ல வரும், பாத்தா விடாதீங்க. 4-1/8 போகணும்னா பிளாக்கையே கடையணும், சுவர் கனம் இருக்கான்னு முதல்ல சோதிக்கணும். அதுக்கும் மேல போற ஆசைன்னா ராஸ், ஏரியஸ், ஜேஇ மாதிரி பிஸ்டன் கம்பெனிங்க உங்க அளவுக்கே அடிச்சுத் தருவாங்க, பர்ஸை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க.

பழைய ஜான் டியருக்கு பேரிங் ஷெல் கேட்டா இல்லன்றாங்களே?

அதுல ஷெல்லே கிடையாது சார். பழைய வண்டிங்கள்ல கனெக்டிங் ராட்ல பாபிட்னு ஈயம் மாதிரி மெத்து உலோகத்தை உருக்கி ஊத்தி கடைஞ்சிருப்பாங்க, தேய்மானத்துக்கு ஈடுகட்ட ராடுக்கும் அதோட மூடிக்கும் நடுவுல ஷிம்னு மெல்லிசு தகடு வச்சிருப்பாங்க, தேயத் தேய ஒரு தகடு உருவிட்டு இறுக்குவாங்க. பாபிட் ஊத்தற பட்டறைங்க இன்னும் அங்கங்க இருக்கு, ஆனா எல்லாம் வயசானவங்க, வரிசை நீளம், குளிர்காலத்துலயே ராடை அனுப்பிடுங்க. பின்னாடி வந்த ஷெல் போட்ட ராடு உங்க கிராங்குக்கு பொருந்துமான்னு பார்ட் நம்பர் வச்சு சரி பார்த்துட்டு அதையே வாங்கிப் போட்டுடறதும் உண்டு.

மேக்னெட்டோ, கார்புரேட்டர்?

கார்புரேட்டர் நம்பர் அதோட உடம்புல இல்ல தகட்டுல இருக்கும். மார்வெல்-ஷெப்லர்ல ஜான் டியருக்கு டிஎல்டிஎக்ஸ் (DLTX) வரிசை, ஆலிஸ், ஃபோர்டு மாதிரி வண்டிங்களுக்கு டிஎஸ்எக்ஸ் (TSX) வரிசை. வெள்ளை உலோகத்துல வந்த மலிவு நகல் கார்புரேட்டர் நிறைய விக்குது, ஓட்டத்துக்கு ஓகே, இழுக்கறதுக்கு நான் பழைய வார்ப்பிரும்பு பாடியையே கழுவி கிட் போட்டு வச்சுக்குவேன். மேக்னெட்டோ வாங்கினா கையால சுத்தி இம்பல்ஸ் (ஸ்டார்ட் பண்ண உதவற ஸ்பிரிங்) "டக்"னு அடிக்குதான்னு பாருங்க. அடிச்சா பாதி உசுரு இருக்கு, மீதி காயிலும் கண்டென்சரும், அது புதுசாவே கிடைக்கும்.

கேம்ஷாஃப்ட்?

புதுசு தேடாதீங்க, உங்களுதையே ரீகிரைண்ட் பண்ணக் குடுங்க. டாப்பட் (கேம் மேல உக்காந்து வால்வைத் தள்ற துண்டு) அடியையும் சேத்து சமன் பண்ணணும், புது கேம்ல பழைய டாப்பட் போட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுரும். சிங்க் சேர்த்த ஆயில் ஊத்துங்க, இப்ப வர்ற கார் ஆயில்ல அது கம்மி.

ஊர்லேர்ந்து பார்ட்ஸ் வரவழைக்கலாமா? சென்னையில மாஸி ஃபெர்குசன் செய்யறாங்களே?

எல்லாரும் கேக்கற கேள்வி, அதுவும் கோயம்புத்தூர் ஆளுங்க நெஞ்சை நிமித்திட்டுக் கேக்கறாங்க. சென்னையில டாஃபே கம்பெனி 1960ல ஆரம்பிச்சு மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செஞ்சது உண்மை, சென்னை சிம்ப்சன் கம்பெனியில பெர்கின்ஸ் வழி வந்த டீசல் இன்ஜின் செய்யறதும் உண்மை. ஆனா அது டீசல். இங்க ஆன்டிக் கிளாஸ்ல ஓடற மாஸி, ஃபெர்குசன் பெரும்பாலும் கான்டினென்டல் பெட்ரோல் இன்ஜின், அதுக்கும் நம்மூர் இன்ஜினுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் போட்ட 35 வச்சிருந்தா மட்டும் கேக்கலாம், அப்பவும் "35க்கு வேணும்"னு சொல்லாதீங்க, பழைய லைனரையும் (ஸ்லீவ்தான்) பிஸ்டனையும் அளந்து அளவைச் சொல்லுங்க, ஏன்னா அங்க வருஷா வருஷம் மாத்திக்கிட்டே வந்திருக்காங்க. ஃபார்மால், ஜான் டியர் ரெண்டு சிலிண்டருக்கு ஊர்ல தேடறது வீண் வேலை. இத்தனைக்கும் இங்க கேட்டலாக்ல வாங்கற சாமான் பெட்டியைப் பிரிச்சா "மேட் இன் இந்தியா"ன்னு இருக்கறது வேற கதை, அப்படி வந்ததும் சிலது அருமையா இருக்கும், சிலதுல பிஸ்டன் ரிங் இடைவெளியைப் பாத்துட்டு தலையில கை வச்சிருக்கேன். எங்க செஞ்சதுன்னு பாக்காதீங்க, அளந்து பாத்துட்டு மாட்டுங்க.

தனித்தனியா வாங்கறதா, முழு வண்டியா வாங்கிப் பிரிக்கறதா?

இடம் இருந்தா, வீட்டம்மா சம்மதம் இருந்தா, முழு வண்டி. ஓடாத எம் ஒண்ணு பண்ணை ஏலத்துல போற விலை, பல சமயம் நல்ல ஹெட்டும் மேக்னெட்டோவும் தனியா வாங்கற விலைதான் வரும், மீதி கிராங்க், ராட், கவர்னர், கியர்பாக்ஸ் எல்லாம் மேல லாபம். ஏலத்துக்கு முந்தின நாளே பாக்க விடுவாங்க, போய் முன்னாடி கிராங்க் கைப்பிடி போட்டு இன்ஜின் சுத்துதான்னு பாருங்க (கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டு, பிளக் ஒயரைக் கழட்டிட்டு, கட்டை விரலை மத்த விரலோட சேத்து வச்சுப் பிடிச்சு, திருப்பி உதைச்சா மணிக்கட்டு போயிரும்). சுத்தலைன்னா பயப்படாதீங்க, சீஸ் ஆனதுல பாதி ரிங் துருதான். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, பால் டீ கலர்ல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, அப்ப விலையைக் குறைச்சுக் கேளுங்க. எங்க வீட்டுல இப்ப ஓடற எம் ஒண்ணு, ஓடாத எம் ரெண்டரை. அந்த அரை எப்படின்னு வீட்டம்மாவும் கேட்டாங்க, முன் பாதி மட்டும் வாங்கினேன்னு சொல்லியிருக்கேன், பின் பாதி அந்தப் பண்ணையிலதான் இருக்கு, அடுத்த மாசம் போய் எடுத்துட்டு வரணும்.